சாதம் எப்படி இருக்கும் சார்?

நெல் ரகங்களை உருவாக்கும் விஞ்ஞானிகளுக்கும் ரக வெளியீட்டுக் குழுவினருக்கும்,

வணக்கம். போன வாரம் எங்கள் பக்கத்தில் நடந்த உழவர் நாள் கூட்டத்தில் புது ரகம் ஒன்றுக்குத் துண்டறிக்கை கொடுத்தார்கள். எத்தனை நாள் பயிர், ஹெக்டேருக்கு எத்தனை கிலோ, ஆயிரம் மணி எடை, புகையான் பூச்சியைத் தாங்குமா, குலைநோய் தாங்குமா, எல்லாம் இருந்தது. எழுந்து, "சாதம் எப்படி இருக்கும் சார்?" என்று கேட்டேன். கூட்டம் சிரித்தது. மேடையில் இருந்தவர், "நடுத்தர சன்னம், அரவைத் திறன் நல்லா இருக்கு" என்றார். நான் கேட்டது அதையா?

கேட்டதற்குக் காரணம் உண்டு. போன சம்பாவில் உங்கள் சிபாரிசில் வந்த வேறொரு ரகத்தைப் போட்டேன். மகசூலில் குறை சொல்ல மாட்டேன். மழைக்கும் சாயாமல் நின்றது. வீட்டுக்கென்று நிறுத்திய நெல்லில் இரண்டு மூட்டையை ஊறவைத்து, அவித்து, அரைத்துக்கொண்டு வந்தோம். பத்து மணிக்கு வடித்த சோறு சூட்டோடு நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணிக்கு வயலிலிருந்து வந்து தட்டில் போட்டால் பருக்கை பருக்கையாய் விறைத்துக் கிடக்கிறது. ரசம் ஊற்றினால் ரசம் ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். அம்மாவுக்கு 78 வயது, பல் நாலைந்துதான். கரண்டியின் முதுகால் மசித்து மசித்துப் பார்த்துவிட்டு, "இதை மாட்டுக்கு வைடா" என்றாள். மீதி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு இப்போது கடையில் 26 கிலோ சிப்பம் வாங்குகிறோம். வாசலில் இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிடக் கூடாதே என்று இருக்கிறது.

நான் கேட்பது ஒன்றுதான். வெளியிடுவதற்கு முன்னால் சமைத்து, ஆறவைத்து, அப்புறம் சாப்பிட்டுப் பாருங்கள். பார்த்ததைத் துண்டறிக்கையில் எழுதுங்கள்.

ருசி பார்க்கக் குழு வைத்து மதிப்பெண் போடுகிறீர்கள், தெரியும். அரிசி மாவுச்சத்தில் இருக்கும் அமைலோஸ் என்ற பகுதி 25 சதவீதத்தைத் தாண்டினால் ஆறினதும் சோறு விறைக்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கள் ஆட்கள்தான். அந்த எண் ஏன் விதை மூட்டை வரைக்கும் வருவதில்லை? 1966இல் பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஐஆர் 8 ரகம் வந்தபோதும் இதே கதைதான்: விளைச்சல் கொட்டியது, சோறு ஆறினால் கல். அதே நிலையத்திலிருந்து வாய்க்கு இதமான ஐஆர் 64 வர 1985 ஆயிற்று. முடியாத காரியமும் இல்லை. சம்பா மசூரி என்கிற பிபிடி 5204 ரகத்தை இலைக்கருகல் நோய் வாட்டுகிறது என்று ஐதராபாத்தில் மூன்று எதிர்ப்பு மரபணுக்களை ஏற்றி, அரிசியின் குணம் கெடாமல் மேம்பட்ட சம்பா மசூரியைக் கொண்டுவந்தார்களே! வெள்ளைப் பொன்னி சாயும் என்று தெரிந்தேதான் நாங்களும் இன்னும் நடுகிறோம். எல்லாம் வாய்க்காகத்தான். குண்டு நெல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை, சி.ஆர். 1009 இல்லாவிட்டால் இட்லிக்கு எங்கே போவது?

சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன? 2025-26க்கு மத்திய அரசின் ஆதார விலை குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,369 ரூபாய், 'ஏ' கிரேடு என்கிற சன்ன ரகம் 2,389. கிலோவுக்கு 20 காசு வித்தியாசம். மாநில ஊக்கத்தொகையில் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்குக் கூடுதலாகக் கிடைத்த 25 ரூபாயைச் சேர்த்தால் 45 காசு. அதுவும் மணியின் நீள அகலத்துக்குத்தான். ஒல்லியாக நீண்டிருந்தால் போதும், விறைக்கிற சோறும் 'ஏ' கிரேடு! ஸ்கேல் வைத்துச் சாப்பிடுகிற ஜனங்கள்தானே நாங்கள்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் உழைப்பில்தான் எங்கள் களம் நிறைகிறது, மறுக்கவில்லை. அடுத்த ரகத்தின் துண்டறிக்கையில் தயவுசெய்து இரண்டு வரி சேருங்கள்: காலையில் வடித்தது மதியம் எப்படி இருந்தது, ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்தது விடிந்ததும் எப்படி இருந்தது. சாப்பிட்டுப் பார்க்க ஆள் கிடைக்காவிட்டால் ஒரு படி அரிசி அனுப்புங்கள். அம்மா சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
காவிரிக் கடைமடையிலிருந்து ஒரு விவசாயி