அபராதத் தொகை மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

தனியுரிமையைக் காக்கும் பொது ஆணையம் ஒன்றில் மக்கள் தொடர்பு அலுவலராக இருக்கிறேன். மக்களின் தகவலைக் கசியவிட்ட ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் பெரிய அபராதம் விதித்தால் செய்தியாளர்கள் உடனே அழைக்கிறார்கள். சரி, அதுவும் தேவைதான். ஆனால் தரவு கசிந்த அன்று மக்களுக்கு வேண்டியது வேறு: எந்தத் தகவல் போனது, கடவுச்சொல்லை மாற்ற வேண்டுமா, யாரிடம் புகார் செய்வது? விசாரணை நடக்கும்போது பல விவரங்களை நான் வெளியிட முடியாது. அதைச் செய்தியாளர்கள் மழுப்பல் என்று எழுதும்போது வருத்தமாக இருக்கிறது. 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிப்படி, ஆபத்து தரக்கூடிய கசிவை அறிந்த 72 மணி நேரத்துக்குள் நிறுவனம் ஆணையத்திடம் சொல்ல வேண்டும். ஆபத்து பெரிது என்றால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும். அபராதத்தைத் தலைப்பில் போடுங்கள். அப்புறம், புகார் செய்யும் வழியையும் நாலு வரியில் சேர்த்துப் போடுங்கள்.

— ஒரு மக்கள் தொடர்பு அலுவலர்