பேய்ப்பிட்டித் தாழிக்குக் காவல் நின்றவர்களுக்கு

எங்கள் ஊர்க் குளத்துக்கு மேற்கே இருக்கிற மேட்டைச் சின்ன வயதில் பேய்ப்பிட்டி என்போம். போன மாதம் வீட்டு வளவை நிரப்ப அங்கே கிரவல் வெட்டினோம். காணியும் எங்களுடையது, பிழையும் எங்களுடையது.

முதல் நன்றி பெக்கோ ஓட்டிய தம்பிக்கு. வாளி எதிலோ பட்டு 'டொங்' என்றதும் குதித்து ஓடிவிட்டான். கண்ணிவெடி என்று நினைத்தானாம்! வன்னியில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இந்த முறை அதுவே நல்லதாய்ப் போயிற்று. கீழே கிடந்தது, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண் தாழி. அதன் வாயில் ஒரு சாண் உடைந்ததோடு சரி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா சைக்கிளில் வந்து, "ஒன்றையும் தொடாதேங்கோ" என்று குழியின் ஓரத்திலேயே கதிரை போட்டு இருந்துவிட்டார். வில்பத்துக் காட்டுக்குள் பொம்பரிப்பில் இப்படித்தான் தாழிகளும் எலும்புகளும் வெளிவந்தன என்றார். 1980 இல் யாழ்ப்பாணத்து ஆனைக்கோட்டையில் எடுத்த எழுத்து முத்திரை, புதைகுழியில் எலும்புக்கூட்டோடு கிடந்ததால்தான் இவ்வளவு பேசப்படுகிறது என்றும் சொன்னார்.

அதைக் கேட்டு நின்ற பெடியன் ஒருவன் மெல்ல நழுவிப் போய், சாரத்தில் சுற்றிய சட்டியோடு திரும்பி வந்தான். முதல் நாளே எடுத்துப் போயிருக்கிறான். அடி கறுப்பா சிவப்பா என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க, சட்டி பானை வனைந்த ஆச்சி விளிம்பைத் தடவினார். "உள்ளும் வாயும் கறுப்பு, வெளியில சிவப்பு. கவிழ்த்து வைச்சுச் சுட்டிருக்கினம்." காற்றுப் படாத பக்கம் கறுக்குமாம். தம்பி, உன்னைத் திட்டியதை மறந்துவிடு. எடுத்த இடத்தை நீ சரியாகக் காட்டியதுதான் பெரிய உதவி.

தொல்லியல் என்றதும் காணி போய்விடும் என்று அம்மா அழுதார். அந்தப் பயம் எங்கள் பக்கத்தில் சும்மா வந்ததல்ல. கிராம அலுவலர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து, 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி கண்டதை அறிவிக்கத்தான் வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். காணி உறுதியின் பிரதியையும் இணைத்துக் கடிதம் எழுதித் தந்தார். பதில் இன்னும் வரவில்லை.

இரவு முறை வைத்துக் காவல் இருந்த இளைஞர்களுக்கும், தேத்தண்ணி அனுப்பிய வீடுகளுக்கும் நன்றி.

கடைக்கார அண்ணை, உங்கள் தறப்பாள் இன்னும் குழிக்கு மேலேதான் கிடக்கிறது. மாரி முடியட்டும், கழுவிக் கொண்டுவந்து தருகிறோம்.