17 மில்லி

அன்புள்ள சேது,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஆனி பிறந்து பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். வீட்டில் எல்லாரும் சௌக்கியம். செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஆஞ்சியோ செய்துவிட்டார்கள். பதறாதே, எழுதுவது நான்தான். வலது மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டதில் அந்த இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. எழுத்து கோணினால் அதுதான் காரணம். முன்பு கோணியதற்கு என்ன காரணம் என்று கேட்பாய், தெரியும்.

பங்குனியில் உளுந்து பிடுங்கியபோதே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி ஓர் அமுக்கம். வரப்பில் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷத்தில் விட்டுவிடும். வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்தே இரண்டு மாதம் ஓட்டினேன். சரசுதான் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

நெஞ்சைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லையடா. பயமெல்லாம் ஆஞ்சியோவில் ரத்தக்குழாய்க்குள் விடுகிற அந்த டை மேல்தான். அத்தான் பட்டது உனக்குத் தெரியாததா? பதினெட்டு வருஷ சர்க்கரை, முழங்கால் வலிக்குத் தினம் ஒரு மாத்திரை. கிட்னி கெட்டால் ரத்தத்தில் ஏறுமே கிரியாட்டினின், அது எவ்வளவு என்று ஒருவர்கூடக் கேட்காமல் ஆஞ்சியோவையும், அடைப்பை விரித்து வைக்கிற ஸ்டென்ட்டையும் ஒரே மூச்சில் முடித்தார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது, கால் வீங்கியது, அப்புறம் டயாலிசிஸ். என் கிரியாட்டினின் 1.9. ராத்திரி எத்தனை தடவை அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்திருப்பேன் என்று சரசுவைக் கேள்.

இந்த டாக்டர் சின்னப் பையன், ஆனால் உட்காரவைத்துப் பேசினான். ரத்தக்குழாய் எக்ஸ்ரேயில் தெரியாதாம். அயோடின் கலந்த டையை உள்ளே விட்டால்தான் கோடு கோடாகத் தெரியும். அது உடம்பில் செரிக்காது, கிட்னி வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நான் சொன்னேன்: "தம்பி, எங்கள் பக்கம் தண்ணீர் வராமல் செத்த பயிரைவிட வடியாமல் செத்த பயிர் அதிகம். பாசன வாய்க்காலில் அடைப்பு பார்க்கப் போய் வடிவாய்க்காலைத் தூர்த்துவிடாதீர்கள்." சிரித்தான். அத்தானைப் பற்றியும் கேட்டேன். பழியை டை மேல் மட்டும் போட முடியாது, சர்க்கரை, வலி மாத்திரை, உடம்பில் நீர் வற்றியது எல்லாம் சேர்ந்திருக்கலாம் என்றான். மாரடைப்போடு வருகிறவனுக்கு டையைப் பார்த்துத் தயங்கவும் முடியாதாம். நியாயம்தான். ஆனால் அத்தான் நடந்து போனவர் அல்லவா? கேட்க நேரம் இருந்ததே!

என் கிட்னி வடிகட்டும் அளவு 38 என்று கணக்குப் போட்டான். டை அத்தனை மில்லியைத் தாண்டக் கூடாது, முடிந்தால் பாதியில் நிறுத்துவேன் என்றான். இதய அறைக்குள் டை விட்டுப் படம் எடுக்கிற வழக்கம் ஒன்று உண்டாம், அதற்கே முப்பது மில்லிக்கு மேல் செலவாகும். எக்கோ ஸ்கேனிலேயே அதைப் பார்த்துவிட்டதால் வேண்டாம் என்றான். எந்தக் கோணத்தில் எத்தனை படம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டான். முதல் நாள் ராத்திரியே சலைன் ஏற்றினார்கள். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினையும் வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டார்கள்.

படுக்கவைத்தபோது கை நடுங்கியது. அதைப் பார்த்துவிட்டு ஒரு கதை சொன்னான். 1958-இல் அமெரிக்காவில், கிளீவ்லாந்தில், சோன்ஸ் என்று ஒரு டாக்டர். பெருந்தமனியில் டை விட இருந்த நேரம், குழாய் நழுவி இதயத்தின் வலது ரத்தக்குழாய்க்குள் போய்விட்டது. ஏறக்குறைய 30 மில்லி அதற்குள்ளேயே பாய்ந்துவிட்டது. அப்படிப் போனால் ஆள் பிழைக்க மாட்டான் என்று நம்பிய காலம். இதயம் நின்றேவிட்டது. "இருமு, இருமு" என்று கத்தியிருக்கிறார். நோயாளி இரும, இதயம் திரும்ப ஓட ஆரம்பித்தது. ஆஞ்சியோ பிறந்ததே அந்தத் தவறில்தானாம்! கதை முடிவதற்குள் எனக்குக் குழாய் உள்ளே போய்விட்டது. பயல் கெட்டிக்காரன்.

ஒவ்வொரு தடவை டை விடும்போதும் நர்ஸ் பெண் உரக்கக் கணக்குச் சொன்னாள். முறைத் தண்ணீர் விடும்போது உன் அப்பா மதகில் நின்று கத்துவாரே, அந்தக் குரல். இரண்டு பக்கமும் பார்த்து முடித்தபோது 17 மில்லி. இரண்டு நாள் கழித்து ரத்தம் எடுத்தார்கள், கிரியாட்டினின் 2.0, ஏறவில்லை என்றே சொல்லலாம். அந்தச் சீட்டைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். இதை நம் கும்பலில் யாரிடமும் சொல்லாதே.

இதயத்தின் வலது ரத்தக்குழாயில் எண்பது சதவீதம் அடைப்பு, ஸ்டென்ட் வைக்க வேண்டும். அன்றைக்கே வைக்கவில்லை; கிட்னிக்கு ஓய்வு கொடுத்து இன்னொரு நாள். அப்போது குழாய்க்குள்ளேயே ஒலி அலையால் பார்க்கிற மெல்லிய கருவியை விடுவானாம், டை இன்னும் கொஞ்சம்தான் வேண்டியிருக்கும். 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தாயிற்று, குறுவை நடவு இருக்கிறது, புரட்டாசியில் அறுப்பு முடித்துவிட்டு வருகிறேன் என்றேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சரசுவைப் பார்த்து ஆடி முதல் வாரம் என்று தேதி சொன்னான். அவளும் குறித்துக்கொண்டாள்.

பையனுக்கு லீவு கிடைக்காது. ராத்திரி பக்கத்தில் படுக்க ஓர் ஆள் வேண்டும், நீ வா. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். உன் குறட்டையில் நான் தூங்கப் போவதில்லை, குடிக்க மறக்கவும் மாட்டேன்.

உன்,
ராஜு