பாஸ்ராவில் எண்ணாக நிற்பவர்களுக்குப் பெயர் வேண்டும்

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தாருக்கு,

வணக்கம்.

1897 செப்டம்பர் 12 அன்று, இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு மலைப்பகுதியில் உள்ள சாராகர்ஹி காவல்நிலையைக் காத்து மடிந்த, பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தின் 36ஆம் சீக்கியர் படையின் 21 பேரையும் பெயர் சொல்லிக் கும்பிட முடிகிறது. கண்ணாடியில் வெயிலைத் திருப்பி, கோட்டைக்கு ஒளியால் சேதி அனுப்பிக்கொண்டிருந்தவர் குர்முக் சிங். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராய்ச் சாய, துப்பாக்கி எடுக்கலாமா என்று ஒளியிலேயே அனுமதி கேட்டார். கிடைத்ததும் கருவியை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் சண்டைக்கு எழுந்தார். அமிர்தசரஸில், பொற்கோயிலுக்குப் பக்கத்திலேயே, அவர்களுக்கு நினைவுக் குருத்வாரா இருக்கிறது.

இருபது ஆண்டு கழித்து, 1917 பிப்ரவரி 1 அன்று, முதல் உலகப் போரில், அதே 36ஆம் படை மெசபடோமியாவில் (இன்றைய ஈராக்கில்) ஹாய் ஆற்றோரம் 45ஆம் சீக்கியர் படையோடு சேர்ந்து முன்னேறியது. இரண்டு படையிலும் அன்று விழுந்தவர்கள் ஏராளம். மாதம் 11 ரூபாய் சம்பளக்காரர்கள். பாகுல் என்னும் சீக்கியத் தீட்சை எடுத்து, கேசத்தில் கத்தி படாமல், குரு கிரந்த சாஹிப்பை வணங்கி வாழ்ந்தவர்கள். உயிரோடு இருந்தவரை அவர்களுடைய தலைப்பாகையிலும் வழிபாட்டிலும் அவ்வளவு அக்கறை காட்டிய ராணுவம் அது.

1929இல் திறக்கப்பட்ட ஈராக்கில் உள்ள உங்கள் பாஸ்ரா நினைவகத்திலோ, உடல் கிடைக்காத இந்தியர்களில் அதிகாரிகளுக்குத்தான் பெயர். சிப்பாய்க்குப் படையின் பெயரும் தலைக்கணக்கும் மட்டும். ஒரு தாய் வைத்த பெயரை 'மற்றும் இத்தனை பேர்' என்று சுருக்க யாருக்கும் உரிமை இல்லை.

2021இல் நீங்களே தவறை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டீர்கள். அதை மனதார மதிக்கிறேன். அதே ஆண்டில்தான் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த, அந்தப் போருக்குப் போன பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள் இணையத்துக்கு வரத் தொடங்கின. சுமார் 3,20,000 பேர், ஊர் வாரியாக. தகவல் இல்லை என்று இனிச் சொல்வதற்கில்லை. ஈராக் நிலவரம் கடினம் என்பது உண்மைதான். ஆனால் அந்த நினைவகத்தையே 1997இல் பெயர்த்து 32 கிலோமீட்டர் தள்ளிக் கட்டினார்களே!

இணையப் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். கல்லில் வெட்டுங்கள். பஞ்சாபில் சிங் என்பவர் ஊருக்கு ஊர் உண்டு; ஆகவே தகப்பன் பெயரும் ஊரும் கூடவே வர வேண்டும், பஞ்சாபி எழுத்தான குர்முகியிலும் வர வேண்டும். டைக்ரிஸ் கரையில் நின்ற எங்கள் மதராஸ் சாப்பர்கள் என்னும் ராணுவப் பொறியியல் படையினருக்கும் இதே முறையில், அவரவர் எழுத்தில். வெட்டும் முன் அந்தந்த ஊர்க் குருத்வாராவில் பட்டியலைப் படித்துக் காட்டுங்கள். எழுத்துப் பிழையைப் பேரப்பிள்ளைகள் திருத்தித் தருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் வாசகர்