பள்ளிக்கூட நாடகம் எழுதுவோருக்கு வன்னியிலிருந்து ஒரு மடல்

தமிழில் பள்ளிக்கூடத் தொடர் எழுதும் அண்ணைமார், அக்காமாருக்கு,

வணக்கம். இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கம் தரம் 10, 11 பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். விஜய் ரிவியில் 'கனா காணும் காலங்கள்' தொடங்கிய 2006இல்தான், யுத்தத்தால், வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை முகமாலையில் பூட்டப்பட்டது. அந்தக் காலத்து வன்னிப் பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் பிந்தித்தான் வந்து சேர்ந்தது. இப்போது ஒன்றும் பிந்துவதில்லை. நீங்கள் இரவு விடுவது மறுநாள் இடைவேளையில் இங்கே கதையாகிவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் கதைகளில் நடுவில் வடிவான, வசதியான ஒருவன். பக்கத்தில் வசதியில்லாத சிநேகிதன். சிரிப்பூட்டுவதும் அடி வாங்குவதும் அவன் வேலை. அவன் வீட்டுக்கு மட்டும் கமரா போகாது. யார் பெரிய ஆள் என்பதை உடுப்பிலேயே காட்டி முடித்துவிடுகிறீர்கள்.

இங்கே உடுப்பு காட்டிக்கொடுக்காது. சீருடைத் துணி அரசாங்கம் தருவது, எல்லாரும் வெள்ளைதான். ஆனாலும் யார் யாரோடு ஒரு வாங்கில் இருப்பது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கனடாவில் மாமா இருக்கிறாரா, சப்பாத்து அரசாங்க வவுச்சருக்கு வந்ததா, எந்த ரியூசன், எல்லாம் கணக்கில் வரும். சுற்றுலாவுக்குக் காசு கட்ட வழியில்லாத ஒருத்தி, "எனக்கு பஸ் ஒத்துவராது மிஸ்" என்றாள். அவளுடைய சிநேகிதி உடனே, "எனக்கும் சத்தி வரும் மிஸ்" என்று நின்றுவிட்டாள். அவள் காசு கட்டி முடித்தவள். கொப்பியில் பதிந்ததே நான்தான். இப்படி ஒரு பொய்யை உங்கள் தொடர்களில் நான் இன்னும் பார்க்கவில்லை.

பிறகு ஓ.எல்., அதாவது தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் பரீட்சை. சின்னப் பள்ளிக்கூடங்கள் தரம் 11உடன் முடிந்துவிடும். ஏ.எல். என்கிற உயர்தரத்தில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க, அந்தப் பிரிவுகள் உள்ள 1ஏபி பாடசாலைக்குப் போகவேணும். பஸ்ஸுக்கும் ரியூசனுக்கும் காசுள்ளவள் போவாள். மற்றவள் கிட்டடியில் கலைப்பிரிவு. அதுவும் சரிவராவிட்டால் 18 வயதுவரை வீடு, பிறகு ஆடைத் தொழிற்சாலை பஸ். இந்தப் பிரிவுக்கு வில்லி என்று ஒருத்தியும் தேவைப்படுவதில்லை.

வில்லி இல்லாமல் தொடரை எப்படி இழுப்பது என்பீர்கள். ஏ.எல். படிக்கிறவளும் வேலைக்குப் போகிறவளும் ஒரே தரிப்பிடத்தில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு காலையை எழுதிப் பாருங்கள். யார் முதலில் கதைப்பது என்பதற்கே ஒரு எபிசோட் போகும். விபரம் வேணுமென்றால் பள்ளிக்கூடம் விட்டபிறகு எங்கள் ஆசிரியர் அறைக்கு வாருங்கள், தேத்தண்ணி தருவோம்.

இப்படிக்கு,
கிளிநொச்சி மாவட்ட ஆசிரியை ஒருத்தி