கோத்தகிரியிலிருந்து மல்லிகாவுக்கு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. பச்சைத் தேயிலை பறிப்பு மும்முரம், இன்றுதான் உட்கார முடிந்தது. முழங்கால் வலி பரவாயில்லையா? மாடிப்படி ஏறாதே.

கரடிக்குப் பயமாக இல்லையா என்று கேட்டிருந்தாய். பயம்தான். போன மாதம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் கதவை உடைத்து, விளக்கில் இருந்த எண்ணெய் முழுவதையும் நக்கிவிட்டுப் போயிருக்கிறது. மறுநாளே கூண்டு வைக்கச் சொல்லி மனு எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு முந்தின வாரம் அந்தக் கரடியைப் பார்த்திருந்தேன், மல்லிகா. விடியற்காலையில், ஓடைக்கு அந்தப் பக்கம், முதுகில் இரண்டு குட்டிகளோடு போய்க்கொண்டிருந்தது. தோளுக்குப் பின்னால் சடையாகத் தொங்கும் முடியைப் பிடித்துக்கொண்டு அவை உட்கார்ந்திருந்தன. கூண்டில் தாய் மாட்டினால் குட்டிகள் என்ன ஆகும்?

அதன் உடம்பே கறையானுக்காக அமைந்தது. முன்கால் நகங்கள் நம் விரல் நீளம், புற்றைப் பிளக்க. மேல்வரிசையில் நடு முன்பற்கள் இரண்டும் கிடையாது. மூக்குத் துவாரத்தை மூடிக்கொண்டு, முதலில் மண்ணை ஊதித் தள்ளும், பிறகு அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சும். அந்தச் சத்தம் தூரத்திலேயே கேட்கும். அத்தி, நாவல், தேன் எல்லாம் பருவத்துக்குப் பருவம். இப்படி அலைந்து தின்கிற பிராணிக்கு ஒரே இடத்தில் கிண்ணம் நிறைய எண்ணெயும், பக்கத்திலேயே நாம் கொட்டும் மிச்சச் சோறும் கிடைத்தால் விடுமா? சண்டை போட்டு ஒரு வழியாக ஒத்துக்கொள்ள வைத்தேன். இப்போது பூசாரி இரவில் எண்ணெயை வீட்டுக்கு எடுத்துப் போகிறார். மூன்று வாரமாகக் கரடி கோயில் பக்கம் வரவில்லை.

காட்டெருமையும் அப்படித்தான். நாம் படித்த பள்ளி மைதானத்தில் சாயங்காலம் ஏழெட்டு நிற்கின்றன, முழங்காலுக்குக் கீழே வெள்ளை உறை மாட்டினாற்போல். அது முக்கியமாகப் புல் தின்கிற விலங்கு. வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் கொண்டுவந்த கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) மேல்மலைப் புல்வெளியை எவ்வளவு தின்றுவிட்டன என்று உனக்கே தெரியும். புல் இருக்கும் இடத்துக்குத்தானே அது வரும்?

நல்ல செய்தியும் இருக்கிறது. முக்கூர்த்தி மலை மாதிரி புல்வெளியும் செங்குத்துப் பாறையும் சேர்ந்த இடத்தில்தான் வரையாடு பிழைக்கும்: மேய்வது புல்வெளியில், சிறுத்தையோ செந்நாயோ வந்தால் ஓடுவது பாறைக்கு. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுக்க 1,031 இருந்தன. 2025ல் 1,303. படித்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

அப்புறம், நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கருங்குரங்கு இறைச்சியில் செய்த லேகியம் விற்க ஒருவர் வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? பாட்டி நமக்கும் ஊட்டிவிட்டாள். அதை நினைத்தால் இன்றும் மனது கஷ்டப்படுகிறது. இப்போது கீழ்ச் சோலையில் ஒரு கருங்குரங்குக் கூட்டம் இருக்கிறது. காலையில் அவை கூப்பிடுவது சமையலறைக்குக் கேட்கிறது. இலையும் தளிரும்தான் முக்கிய ஆகாரம், மரத்தை விட்டுக் கீழே இறங்குவதே அபூர்வம்.

ஜூலையில் பேரிக்காய் பழுக்கும்போது வா. கரடிக்கும் அதுதான் பிடிக்கும் என்பதால், ஆறு மணிக்குமேல் வாசலைத் தாண்டவிடமாட்டேன். நல்ல டார்ச் ஒன்று எடுத்து வா. இருட்டில் நடந்தாக வேண்டுமென்றால் சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்போம். மனுஷச் சத்தம் கேட்டால் பெரும்பாலும் அதுவாகவே விலகிப் போய்விடும், திடீரென்று எதிரில் போய் நின்றால்தான் அதிகம் பாயும்.

அன்புடன்,
ஜெயா