முழங்கால் மூட்டு மாற்று சிகிச்சையும் முதல் நாள் நடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை, 'புண் ஆறும் வரை காலை அசைக்க வேண்டாம்' என்று பாசத்தால் படுக்கையிலேயே கிடத்திவைக்கும் குடும்பத்தினருக்காக இதை எழுதுகிறேன். என் தாயாருக்கு நானும் அதையே செய்தேன்.

அறுவை சிகிச்சை நடந்த அன்றோ மறுநாளோ வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்வது அவசரப்படுத்துவது ஆகாது. செயற்கை மூட்டைப் பொருத்தும் எலும்புச் சிமெண்ட் அறுவை அரங்கிலேயே இறுகிவிடுவதால், பெரும்பாலானோருக்கு அது அன்றே உடல் எடையைத் தாங்கும். வீக்கமும், தொடையின் முன்புறத் தசை சோர்ந்துபோவதும், மூட்டின் இறுக்கமும் சேர்ந்துதான் வலியை நீட்டிக்கின்றன. அசையாமல் கிடந்தால் இறுக்கமும் சோர்வும் கூடுமே தவிரக் குறையாது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இரத்தத்தை மேலே தள்ளுவதால், இரத்தம் உறையும் அபாயமும் குறைகிறது.

முதல் அடிகள் வலிக்கவே செய்யும். அதனால்தான், மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை நடப்பதற்கு அரை மணி அல்லது முக்கால் மணி நேரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். வலி முற்றிய பிறகு கொடுத்துவிட்டு 'நடங்கள்' என்றால் யாரால் முடியும்? நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டிருந்தால், உணர்வும் பலமும் திரும்பும் வரை துணையின்றி எழவே கூடாது. மாலையில் வீக்கம் மிகுந்தால், நடையை ஓரளவு குறைத்துக் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் ஒற்றடம் கொடுக்கலாம். கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ, மூச்சுத்திணறலோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

என் தாயாருக்கு முழங்காலின் அடியில் தலையணை வைத்தால் இதமாக இருந்தது. நானும் இரவெல்லாம் அதை எடுக்கவில்லை. நான்காம் நாள் இயன்முறை மருத்துவர் அதை உருவிவிட்டுக் காலை நீட்டச் சொன்னபோது, முழங்கால் முழுதாக நீளாமல் மடங்கியே நின்றது; முழங்காலுக்கும் மெத்தைக்கும் இடையே என் உள்ளங்கை தாராளமாக நுழைந்தது. அந்த இடைவெளியை மூடப் பல வாரங்கள் பிடித்தன. என் தாயார் கண்ணீர் விட்டது அறுவை சிகிச்சைக்காக அல்ல, அந்தப் பயிற்சிகளின்போதுதான்.

வீட்டுக்கு அனுப்பும்போது எங்கள் கையில் தந்த சீட்டில் மாத்திரைகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. தலையணையை எங்கே வைக்கக் கூடாது, நாளுக்கு எத்தனை முறை நடக்க வேண்டும் என்பதை அறுவை சிகிச்சைக்கு முன்பே, நோயாளியை மட்டுமன்றி உடனிருந்து பார்த்துக்கொள்பவரையும் அமர்த்தி, மருத்துவமனைகள் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி